ஆதிபகவன் நடந்த வீதி

(அட்சய திருதியை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



முதல் தீர்த்தங்கரராகிய ஆதிபகவன் பாரணை செய்தருளிய நாள் அட்சய திருதியை. துறவு பூண்டபின் ஆறு திங்கள் அசையாது யோகத்தில் நின்ற பெருமான், முனிவர் உணவேற்கும் முறையை உலகிற்குக் காட்டத் திருவுளங்கொண்டு ஊர்தோறும் நடந்தார். முனிவருக்கு உணவளிக்கும் நெறியை அக்கால மக்கள் அறிந்திருக்கவில்லை. நேற்றுவரை தம்மை ஆண்ட மன்னர் இன்று வெறுங்காலோடு வருகின்றாரே என்று அவர்கள் உள்ளம் உருகினர். யானையைக் கொண்டுவந்து முன்னே நிறுத்தினர் சிலர். குதிரையும் தேரும் சிவிகையும் கொணர்ந்து, ஏறியருள வேண்டும் எனப் பணிந்தனர் வேறு சிலர். பொன்னும் மணியும் பட்டும் குவித்தனர் பலர். பெருமான் எவற்றையும் ஏற்கவில்லை, எவரையும் கடிந்துகொள்ளவுமில்லை. அமைதியாக அடுத்த வீதிக்கு நடந்தார். இவ்வாறே திங்கள் பல கழிந்தன. இறுதியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன், முற்பிறவி நினைவு எய்தப்பெற்று, முறைப்படி எதிர்கொண்டு கருப்பஞ்சாறு அளித்தான். ஸ்ரீபுராணம் விரித்துரைக்கும் இவ்வரலாறு தமிழ்ச் சமணர் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்தது.

விழாக்களில் கருப்பஞ்சாற்றைப் பற்றியே பெரிதும் பேசுவர்; அது தகும். ஆயினும் அதற்கு முன்னர் நிகழ்ந்த ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. தேரும் யானையும் வாயிலில் காத்திருக்க, ஆதிபகவன் நடந்தே சென்றார். இன்றோ இந்நன்னாள் பொன் வாங்கும் நாளாகவும் புது வண்டி எடுக்கும் நாளாகவும் நாளிதழ்களில் விளம்பரம் செய்யப்படுகிறது. ஊர்தியை மறுத்தவரின் திருநாளில் ஊர்திக்கு மாலையிட்டு எலுமிச்சம்பழம் நசுக்குவது எவ்வாறு பொருந்தும் என்று எவரும் கேட்பதில்லை. அக்கேள்வியை முன்வைத்து, நடை, மிதிவண்டி, பேருந்து, தொடர்வண்டி ஆகியவற்றைப் பற்றிச் சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நான்கு முழப் பார்வை

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. பகலொளியில், பலர் நடந்து பழகிய வழியில், முன்னே நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கியவாறு, சிற்றுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் அடியெடுத்து வைப்பதே அது. மழைக்காலத்தில் நிலமெங்கும் உயிர்கள் பெருகுவதால், நான்கு திங்கள் நடையையே நிறுத்தி ஓரூரில் தங்குதலும் இந்நெறியின் பாற்பட்டதே. கையிலுள்ள மயிற்பீலியும் இதற்கானதே.

இல்லறத்தார் இவ்வளவு கடுமையாக ஒழுகவேண்டும் என்று எந்த நூலும் கூறவில்லை. ஆயினும் இந்நெறியில் அடங்கிய அளவையை இல்லறத்தாரும் எண்ணிப் பார்க்கலாம். கண் எவ்வளவு தொலைவு காண்கிறதோ, கால் அந்த அளவுக்கே விரைய வேண்டும் என்பதே அவ்வளவை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. ஓட்டுபவர் ஒரு குழந்தை குறுக்கே வருவதைக் கண்டு, காலைத் தடையின்மேல் வைப்பதற்குள்ளேயே அந்த 17 மீட்டர் கழிந்துவிடும். வண்டி நிற்பதற்கு இன்னும் தொலைவு வேண்டும். நடப்பவர் எறும்பு வரிசையைக் கண்டு தாண்டுகிறார். மிதிவண்டியில் செல்பவர் ஓணானைக் கண்டு கைப்பிடியைத் திருப்புகிறார். காரில் செல்பவருக்கு ஓணானும் தெரிவதில்லை, எறும்பும் தெரிவதில்லை. மழைக்காலத்து மாலையில் நெடுஞ்சாலையில் பயணம் செய்து திரும்பிய காரின் முன்கண்ணாடியைக் கண்டவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா. விளக்கொளியில் உயிர்கள் விழும் என்று இரவுணவைத் துறந்த குடும்பத்தில், அக்கண்ணாடியை மறுநாள் காலை ஒருவர் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருப்பார்.

பயனின்றி அலைதல்

சிராவகர்க்கு உரிய நோன்புகளை வகுத்த ஆசாரியர் சமந்தபத்திரர், இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்த தண்ட விரதம் என்னும் குணவிரதத்தைக் கூறுகிறார். பயனற்ற தீச்செயல்களிலிருந்து விலகுதல் என்பது அதன் பொருள். அதன் உட்பிரிவுகளுள் ஒன்று பிரமாத சரியை. பயனின்றி மண்ணை அகழ்தல், நீரை வீணாக்குதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றை அடுக்கிய ஆசாரியர், அவற்றோடு வேறிரண்டையும் சேர்த்து வைத்தார். தான் வீணே அலைதலும், பிறரை வீணே அலையச் செய்தலும் அவ்விரண்டாகும். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. எனவே இக்கருத்து தமிழ்ச் சமணர்க்குப் புதிதன்று.

கார் இல்லாத காலத்தில் எழுதப்பெற்ற இந்தப் பட்டியல் காருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது வியப்பளிக்கும். தெருமுனைக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கக் காரை எடுக்கும்போது பட்டியலில் உள்ள பெரும்பாலான குற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. மண்ணை அகழ்ந்து எடுத்த எண்ணெய் எரிகிறது, தீ மூளுகிறது, புழுதியும் புகையும் எழுகின்றன, வண்டி நிறுத்த இடம் வேண்டி வாயிலில் நின்ற வேப்பமரம் முன்னரே வெட்டப்பட்டிருக்கிறது. ஒருவர் வீணே அலைகிறார். அவரால் தெருவில் நெரிசல் உண்டாகிப் பிறரும் அலைகின்றனர்.

இதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். ஒருவர் நாள்தோறும் மூன்று கிலோமீட்டர் சென்று மூன்று கிலோமீட்டர் திரும்புகிறார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,800 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 120 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 12,000 ரூபாய் செலவு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 120 லிட்டருக்கு 276 கிலோ. இத்தனையும் மிதிவண்டியில் கால்மணி நேரத்தில் சென்றுவிடக்கூடிய தொலைவுக்கு! எஞ்சின் சூடேறுவதற்கு முன்பே முடிந்துவிடும் சிறு பயணங்களில் எரிபொருள் இதனினும் கூடுதலாகச் செலவாகும் என்பதையும் சேர்த்தெண்ண வேண்டும்.

அபரிக்கிரக நெறியிலும் இதற்கு இடமுண்டு. குடும்பத்துக் கார் நாளொன்றில் இருபது மணி நேரத்திற்கும் மேலாக நின்றுகொண்டே இருக்கிறது. நிற்பதற்கு இடம் வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் பொதுத்தெருவிலிருந்து எடுக்கப்படுகிறது. வயல் விற்ற பணத்திலோ கடன் தவணையிலோ வாங்கிய பொருள் வெயிலில் நின்று மதிப்பிழக்கிறது. பேருந்தும் தொடர்வண்டியும் எவருக்கும் தனி உடைமையாகாமல் எல்லோர்க்கும் பயன்படுகின்றன. உடைமைக்கு அளவு கட்டுதலை நோன்பாகக் கொண்ட சமயத்தவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

வீதியில் சிந்தும் குருதி

அகிம்சை பேசும் அவையில் சாலைச் சாவுகளைப் பற்றிப் பேசாதிருத்தல் முறையன்று. நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460க்கும் மேற்பட்டோர். அவர்களுள் 32,000க்கும் மேற்பட்டோர் எந்த வண்டியிலும் ஏறாமல் நடந்து சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டில் இறந்தோர் 17,000க்கும் அதிகம். போர்க்களத்தில் இத்தனை பேர் மாண்டிருந்தால் நாடே துயர் கொண்டாடியிருக்கும். தனித்தனியே, வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு மாலைகளில் இறந்ததால் இது வழக்கமான செய்தியாகிவிட்டது.

கொலை செய்யும் எண்ணம் எந்த ஓட்டுநருக்கும் இல்லை. ஆனால் எண்ணமில்லை என்பதால் மட்டும் பழி நீங்கிவிடாது என்பது சமண நூல்கள் பலகாலும் வலியுறுத்தும் கருத்து. கவனமின்மை, அதாவது பிரமாதம், இம்சைக்கு வேராகும். ஒரு வீதியில் கார்கள் பெருகப் பெருக, ஒவ்வோர் ஓட்டுநரும் நல்லவராகவே இருந்தாலும் அவ்வீதி நடப்பவர்க்கு ஆகாததாகிறது. அஞ்சிய பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு நடந்துபோக விடாமல் காரில் கொண்டுசெல்கின்றனர். அக்கார்களால் பள்ளி வாயில் மேலும் நெருக்கடியாகிறது. அது கண்டு எஞ்சிய பெற்றோரும் காரை எடுக்கின்றனர். அச்சம் காரைப் பெருக்க, கார் அச்சத்தைப் பெருக்குகிறது. இச்சுழலை ஒருவர் தனியே அறுக்க இயலாது. பலர் கூடினால் அறுக்கலாம். அவ்வாறு அறுத்துக் காட்டிய ஒரு நாடு உண்டு.

தாய் தந்தையர் எழுந்த நாடு

நெதர்லாந்து நாட்டைப் பற்றிப் பேசுவோர், அங்கு மக்கள் இயல்பாகவே மிதிவண்டியை விரும்புபவர்கள் என்று கூறிவிடுவது வழக்கம். வரலாறு அவ்வளவு எளிதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செல்வம் பெருகியபோது அந்நாட்டவரும் காரையே நாடினர். ஆம்ஸ்டர்டாம் போன்ற பழநகரங்களில் கார்களுக்காக வீடுகள் இடிக்கப்பட்டன. ஊர்ச் சதுக்கங்கள் கார் நிறுத்தும் திடல்களாயின. மிதிவண்டியில் செல்வோர் ஆண்டுதோறும் குறைந்தனர். 1971ஆம் ஆண்டில் அச்சிறு நாட்டின் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

மகளைச் சாலையில் இழந்த இதழாளர் ஒருவர், தம் துயரை நாளிதழில் எழுதினார். அதன் தலைப்பே, குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்னும் பொருள்படும் ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்களும் தந்தைமார்களும் குழந்தைகளோடு வீதிக்கு வந்தனர். விபத்து மிகுந்த தெருக்களை மறித்து அமர்ந்தனர். குழந்தைகள் விளையாடத் தெருக்களை மூடினர். 1973ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் காரோட்டத்தை நிறுத்தியது. வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் மக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் சென்று, ஊர் வேறு விதமாகவும் இருக்கக்கூடும் என்பதைக் கண்டனர்.

அதன்பின் படிப்படியாக மாற்றம் வந்தது. மிதிவண்டிக்குத் தனிப்பாதைகள் அமைந்தன. குடியிருப்புத் தெருக்களில் கார்களின் வேகம் குறைக்கப்பட்டது. தொடர்வண்டி நிலையங்களில் மிதிவண்டி நிறுத்தங்கள் எழுந்தன. இன்று அந்நாட்டில் மக்கள்தொகையைவிட மிதிவண்டிகளின் எண்ணிக்கை அதிகம். மொத்தப் பயணங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மிதிவண்டியில் நிகழ்கின்றன. சாலைச் சாவுகளும் பெரிதும் குறைந்தன. இம்மாற்றத்துக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. குழந்தைகள் சாவதைப் பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்று சாதாரணக் குடும்பத்தினர் கூறியதே அதன் தொடக்கம். உயிரிரக்கமே அந்நாட்டின் மிதிவண்டிப் பாதைகளுக்கு அடிக்கல்.

சித்தன்னவாசலுக்கு அருகே ஒரு புரட்சி

கடல் கடந்து செல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சமண முனிவர் நடந்து வந்து தங்கிய கற்படுக்கைகள் உள்ள சித்தன்னவாசல், புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தில்தான் 1990களின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்றை உலகம் திரும்பிப் பார்த்தது.

அக்காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவைப் பரப்பிக்கொண்டிருந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். சிற்றூர்ப் பெண்கள் வீட்டைவிட்டுச் சிறிது தொலைவு செல்லவும் தந்தையையோ கணவரையோ தம்பியையோ எதிர்பார்க்க வேண்டியிருந்த காலம் அது. பெண் மிதிவண்டி ஓட்டுவதைக் கண்டு நகைத்தோர் பலர். இழித்துப் பேசியோரும் உண்டு. இருந்தும் வயல் வேலை செய்வோர், கல்குவாரியில் பாடுபடுவோர், அங்கன்வாடி ஊழியர், செவிலியர், ஆசிரியைகள் எனப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றனர். பெண்களுக்குரிய வண்டி கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினர். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே நல்லது என்றும் கூறினர். வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. 1992ஆம் ஆண்டு அனைத்துலகப் பெண்கள் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியொலித்துப் புதுக்கோட்டை நகருக்குள் வந்தனர். இதழாளர் பி. சாய்நாத் இதனை விரிவாக எழுதியுள்ளார். மிதிவண்டி கற்ற பெண்களின் எண்ணிக்கை ஓரிரு ஆண்டுகளில் ஒரு லட்சத்தைக் கடந்தது.

அவர்களுக்கு அதனால் கிடைத்தவை எவை? பேருந்துக்காக நெடுநேரம் காத்திருந்த பெண், விளைபொருளை ஏற்றிக்கொண்டு தன் நேரத்தில் சந்தைக்குச் சென்றாள். ஒரே ஊரில் விற்று அவசரமாகத் திரும்பியவள், பல ஊர்களுக்குச் சென்று விற்றாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் சுமந்தவள் வண்டியில் கட்டினாள். பொருளாதார ஆதாயத்தைவிடத் தன்னம்பிக்கையே பெரிது என்று அப்பெண்கள் பலரும் கூறியதாகப் பதிவாகியிருக்கிறது.

இன்று அதே தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் அரசுப் பள்ளி மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. 2021ஆம் ஆண்டு மே திங்கள் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். வசதி குறைந்த வீட்டுப் பெண்கள் மிதிவண்டியாலும் பேருந்தாலும் விடுதலை பெற்றுக்கொண்டிருக்கையில், வசதி வந்த குடும்பங்கள் அவற்றை இழிவாகக் கருதத் தொடங்கியது விந்தையே.

தடைகளும் விடைகளும்

இங்கே சில தடைகளை மறைக்காமல் பேசவேண்டும்.

முதல் தடை மானம். கார் இல்லாதவர் வசதியில்லாதவர் என்னும் எண்ணம் ஊன்றிவிட்டது. பெண் பார்க்கச் செல்லும்போது பேருந்தில் இறங்கினால் மதிப்புக் குறையும் என்று அஞ்சுகின்றனர். மாப்பிள்ளையின் ஒழுக்கத்தைக் கேட்பதற்கு முன் அவர் என்ன வண்டி வைத்திருக்கிறார் என்று கேட்கின்றனர். கடன் வாங்கியேனும் கார் எடுக்கும் இளைஞர்கள் இதனால் உருவாகின்றனர். வெறுங்காலோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்து வரும் முனிவரை வீழ்ந்து வணங்கும் குடும்பத்தார், அரை மைல் நடந்து வந்த உறவினரை இரக்கத்தோடு பார்ப்பது முரண். இத்தடையை நீக்கும் ஆற்றல் அரசிடம் இல்லை, குடும்பங்களிடமே உள்ளது.

இரண்டாவது தடை சாலை. நடைபாதை உடைந்து கிடக்கிறது. கடையும் வண்டியும் மின்பெட்டியும் அதை அடைத்துக் கொள்கின்றன. இக்குறை உண்மையானது. சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டில் நடப்போர்க்கும் மிதிவண்டியினர்க்கும் முதன்மை தரும் கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை அதற்கெனச் செலவிட வேண்டும் என்றது. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019ஆம் ஆண்டில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது; கூட்டம் மிகுந்த அத்தெருவில் முதியோரும் குழந்தைகளும் இன்று அச்சமின்றி நடக்கின்றனர். வேண்டும் என்று கேட்கும் மக்கள் இருக்குமிடத்தில் இவை நடக்கும். காருக்குள் அமர்ந்திருப்பவர் நடைபாதையைக் கேட்பதில்லை, நடப்பவரே கேட்பார். எனவே நடப்போர் பெருகுவதே நடைபாதைக்கு முதல் வழி.

மூன்றாவது தடை வெயிலும் முதுமையும் நோயும். சித்திரை வெயிலில் எண்பது வயது மூதாட்டியை நடக்கச் சொல்வது அறமாகாது. நள்ளிரவில் நோயுற்றவர்க்குக் கார் வேண்டும். பேருந்து நின்றுவிட்ட சிற்றூரில் வேறு வழி இல்லை. அவ்வகைப் பயணம் பயனுடையது. அதனை அனர்த்தம் என்று எந்த ஆசாரியரும் கூறமாட்டார். வலிய கால்களும் போதிய நேரமும் உள்ள ஒருவர், குறுகிய தொலைவுக்குப் பழக்கத்தின் காரணமாக மட்டும் எடுக்கும் காரைப் பற்றியதே இவ்வுரை.

மின்சாரக் கார் வந்துவிட்டதே என்பர் சிலர். புகை குறையும் என்பது மெய். ஆனால் அதுவும் அதே இடத்தை அடைக்கும். அதே வேகத்தில் செல்லும். குறுக்கே வரும் குழந்தைக்கு அதனால் நேரும் கேட்டில் வேறுபாடில்லை.

உடல்நலமும் இதனோடு சேர்ந்தது. வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. நாளுக்கு அரைமணி, வாரத்தில் ஐந்து நாள். கடைக்கும் கோயிலுக்கும் நிலையத்திற்கும் நடந்தாலே அது நிறைவேறிவிடும். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் மரபு, சமணர்க்கு மாலையில் ஒளி மங்கும் முன் சிறிது நடக்கும் வாய்ப்பையும் தந்திருக்கிறது. அவ்வாய்ப்பைப் பலரும் தொலைக்காட்சியின் முன் கழிக்கின்றனர்.

ஓராண்டு நோன்பு

சிராவகர்க்கு உரிய தேசவிரதம், செல்லும் இடத்திற்குக் காலவரையறையோடு எல்லை கட்டுவது. இந்த ஊர்வரை, அந்த ஆறுவரை, அந்த வயல்வரை என்று இடத்தையும். ஓராண்டு, ஒரு திங்கள், ஒரு பக்கம் என்று காலத்தையும் வரையறுத்துக்கொள்ளப் பெரியோர் வழி வகுத்தனர். வாழ்நாள் முழுமைக்கும் என்று அஞ்சவேண்டுவதில்லை. இவ்வமைப்பிலேயே அடுத்த அட்சய திருதியை வரைக்கும் சில எளிய நோன்புகளை ஒவ்வொரு குடும்பமும் ஏற்கலாம்.

ஒன்று, இரண்டு கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவுக்கு, நோயும் சுமையும் இல்லாதபோது, எஞ்சின் பூட்டிய வண்டியை எடுப்பதில்லை என்று எல்லை கட்டுதல். நடக்கலாம், மிதிவண்டியில் செல்லலாம்.

இரண்டு, பருவ நாள்களாகிய அட்டமியிலும் சதுர்த்தசியிலும் காருக்கும் நோன்பு கொடுத்தல். உள்ளூர் ஜினாலயத்திற்கு அன்று நடந்தே சென்று வழிபடுதல். கோயில் வாயிலில் காருக்கு இடம் தேடும் நிருவாகத்தினர், மிதிவண்டி நிறுத்த ஒரு நிழற்கூரை அமைத்தால் அதுவும் தருமமே.

மூன்று, மேல்சித்தாமூர்த் தேர், பொன்னூர் மலை வழிபாடு, திருமலை தரிசனம் ஆகியவற்றிற்குக் குடும்பத்திற்கு ஒரு காராகச் செல்வதை விடுத்து ஊருக்கு ஒரு பேருந்தாகச் செல்லுதல். ஐம்பது பேர் ஒரு பேருந்தில் அடங்குவர். அதே ஐம்பது பேருக்குப் பன்னிரண்டு கார்கள் வேண்டும். பன்னிரண்டு கார்கள் சிற்றூர்த் தெருவில் நின்றால் தேர் திரும்புவதற்கும் இடமிராது. பேருந்தில் பாட்டிமார் தோத்திரம் பாட, பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொண்டு வருவர். சென்னைக் குடும்பங்கள் தாம்பரம் வழியாகவோ கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்தோ திண்டிவனமும் வந்தவாசியும் செல்வதும் கடினமன்று.

நான்கு, திருமண அழைப்பிதழ்களில் கார் நிறுத்தும் வசதியை அச்சிடுவது போல, மண்டபத்திற்கு வரும் பேருந்தின் தட எண்ணையும் அருகிலுள்ள தொடர்வண்டி நிலையத்தின் பெயரையும் அச்சிடுதல். இதற்குச் செலவு ஒரு வரிதான். பேருந்தில் வருவோர் மதிப்பிற்குரிய விருந்தினர் என்று அவ்வரி அறிவித்துவிடும்.

ஐந்து, ஒரே தெருவில் வாழும் பிள்ளைகளை ஒன்றுசேர்த்து, நாளுக்கு ஒரு பெற்றோர் முறைவைத்து, பள்ளிக்கு நடத்தி அழைத்துச் செல்லுதல். கூட்டமாகச் செல்லும் குழந்தைகளை ஓட்டுநர்கள் கண்டு வேகம் குறைப்பர். வழியில் உள்ள மரத்தின் பெயரையும் பறவையின் பெயரையும் குழந்தைகள் அறிவர்.

ஆறு, உடைந்த நடைபாதை, விளக்கில்லாத நிறுத்தம், சாலையைக் கடக்க வழியில்லாத இடம் ஆகியவற்றைப் பற்றி உள்ளாட்சிக்குக் குடும்பங்கள் கூடி விண்ணப்பம் எழுதுதல். அகிம்சைக்கு இதுவும் ஒரு தொண்டு. நடக்கப் பாதை கிடைத்தால் உயிர் பிழைப்பவர் யார் என்று எவரும் அறியப்போவதில்லை. பெயர் தெரியாத அவருக்குச் செய்த அபயதானமாக அது அமையும்.

இவற்றுள் இயன்றதை ஏற்கலாம். ஒன்றை மட்டும் ஏற்று ஓராண்டு வழுவாமல் காத்தாலும் போதும். தளர்ந்துவிட்டால் மீண்டும் தொடங்கலாம்.

மலைகள் காத்திருக்கின்றன

மதுரையைச் சுற்றியுள்ள சமண மலைகளுக்கு மக்களை அழைத்துச் செல்லும் பசுமை நடை என்னும் இயக்கம் 2010ஆம் ஆண்டில் தோன்றியது. அதில் நடப்போருள் பெரும்பாலோர் சமணரல்லர். யானைமலையிலும் கீழவளவிலும் கற்படுக்கைகளையும் சிற்பங்களையும் நடந்து சென்று கண்டபின், அம்மலைகளை வெட்டிக் கற்களாக்குவதைப் பொறுக்கலாகாது என்னும் உணர்வு அவர்களிடம் வளர்ந்தது. நடந்து கண்ட மலையின்மீது மனிதர்க்குப் பற்று உண்டாகிறது. காரின் கண்ணாடி வழியே கண்ட மலை நினைவில் தங்குவதில்லை. தமிழகத்தின் நூற்றுக்கு மேற்பட்ட குன்றுகளில் முனிவர் உறைந்த தடங்கள் உள்ளன. அவற்றை அடையச் சாலை இல்லாத காலத்தில் அவர்கள் வந்தனர். மக்களும் நடந்தே சென்று அறம் கேட்டனர். அத்தடங்களைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோர் மலையடிவாரத்திற்குச் சற்று முன்னரே வண்டியை விட்டு இறங்கிவிடுவது நல்லது.

இன்று ஆலயத்தில் கருப்பஞ்சாறு வழங்கப்படும். அதைக் கையில் ஏந்தும்போது, யானையையும் தேரையும் கடந்து ஓர் அரசர் வெறுங்காலோடு வந்து நின்ற அந்த வீதியை நினைத்துக்கொள்வது தகும். அவருக்குத் தேர் கொடுத்தோர் தீயவரல்லர், அன்பினாலேயே கொடுத்தனர். அவருக்கு வேண்டியது எது என்று மட்டும் அறியாதிருந்தனர். இன்றைய பெற்றோரும் அவ்வாறே பிள்ளைகள்பால் கொண்ட அன்பினால் காரை வாங்கி வாயிலில் நிறுத்துகின்றனர். பிள்ளைகளுக்கு வேண்டியவை அச்சமின்றி நடக்க ஒரு வீதியும், தூய காற்றும், வலிய கால்களுமே. சிரேயாம்ச குமாரனைப் போல, வேண்டியதை அறிந்து கொடுக்கும் பேறு ஒவ்வோர் இல்லத்திற்கும் வாய்ப்பதாக.

ஆலயத்திற்கு அருகில் வாழ்வோர் இன்று வீட்டுக்கு நடந்தே திரும்பலாம். ஓராண்டு நோன்பின் முதல் நாளாக அது அமையட்டும்.

வளர்க நல்லறம்! வாழ்க எல்லா உயிர்களும்!